மூன்று மார்க்

கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்த அந்த 1974-இல், பயிற்சியாளர் தோமஸ் மாஷ் எல்லோருக்கும் பத்துக்கு மார்க் போட்டு, மைதான வாசலிலேயே ஒட்டிவைத்தார். கல்பாத்தி சாம்பசிவனுக்கு ஒன்பது. மீனாட்சிபுரத்திலிருந்து வந்த எனக்கு மூன்று. ஆள் போதாமல்தான் என்னைச் சேர்த்தார். அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். மார்க் ஒட்டிய தாள் அப்போதும் அங்கேயே இருந்தது; எதிரணியும் அதே வாசல் வழியாகத்தான் வந்தது. ஆட்டம் தொடங்கியதுமே சாம்பசிவனை இரண்டு பேர் மார்க் செய்து, நகரவிடாமல் ஒட்டிக்கொண்டார்கள். என்னை ஒருவனும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடைவேளையில் சாம்பசிவன், "கந்தப்பா, என்னை விடவே மாட்டேங்கறா. உன் பக்கத்துல ஒத்தரும் இல்லை. பந்தை உனக்கே தள்றேன், அடிச்சுடு" என்றான்.

தள்ளினான், அடித்தேன். மறுபடியும் தள்ளினான், மறுபடியும் அடித்தேன். கோப்பை எங்களுக்கு.

மாஷ் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "ரெண்டு கோல், நீயா? எப்படிடா?"

"மூணு மார்க் வாங்குனவனை எவனுங்க மார்க் பண்ணுவான்?" என்றேன். "எல்லாம் நீங்க போட்ட மார்க்குதானுங்க, மாஷே."