தலைவருடைய அலவன்ஸ்

மாத உதவிப்பணம் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து ஆயிரத்து இருநூறாகக் குறைகிறது என்று சங்கத் தலைவர் யோகநாதன் மண்டபத்தில் அறிவித்தார். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வாடகை வீட்டின் பின்கூடம்தான் அந்த மண்டபம். 1997 மார்ச் மாதம். வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் போரால் பெயர்ந்து வந்து லொட்ஜ்களில் தங்கியிருந்த எழுபது, எண்பது பேர் கதிரைகளிலும் நிலத்திலுமாக இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் காசு குறைந்துவிட்டது, எல்லோரும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று தலைவர் சொல்லி முடித்தார்.

றஞ்சிதம் எழுந்து நின்றாள்.

"ஐயா, குறைஞ்சது எங்களுக்கு மட்டுமோ? சங்கத்தில இருக்கிற ஆக்களுக்கும் குறைஞ்சதோ?"

"விளங்கேல்லை" என்றார் யோகநாதன்.

"நீங்கள் மாதம் எவ்வளவு எடுக்கிறியள் எண்டு கேக்கிறன்."

பக்கத்தில் இருந்த பெண் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தாள். யோகநாதனின் முகம் சிவந்தது. அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹெவ்லொக் டவுனில் சொந்த வீடு. இந்தச் சங்கத்தை அவர்தான் தொடங்கினார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"அது நிர்வாகத்தின்ரை விசயம் அம்மா. இருங்கோ."

அவள் இருந்தாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

கிளிநொச்சியில் பதினாறு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவள் றஞ்சிதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடையின் வரவுசெலவைச் சுவரில் ஒட்டுவாள். தன்னுடைய சம்பளமும் அதில் இருக்கும். அரிசி வாங்க வருகிறவர்கள் விரல் வைத்து வாசிப்பார்கள், சண்டையும் பிடிப்பார்கள். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. போன வருடம் ஊரே பெயர்ந்தபோது கடையும் போனது. கணவர் பொன்னம்பலத்துக்கு இருதய வருத்தம். வைத்தியத்துக்கென்று பிரயாண அனுமதிப் பாஸ் எடுத்துக் கொழும்புக்கு வந்து, லொட்ஜில் ஓர் அறையில் இருந்தார்கள்.

அன்று அறைக்கு வந்ததும் பொன்னம்பலம் கத்தினார். "உனக்கென்ன விசரே? எங்கடை பேரை வெட்டிப்போட்டா என்ரை மருந்துக் குளிசைக்கு ஆர் காசு தாறது?"

"கேட்டது பிழையெண்டா வெட்டட்டும்."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, பத்து நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. லொட்ஜ்ப் படியில் எதிர்ப்படும் சங்கத்துக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

பதினோராவது நாள் கொன்ஸ்ரன்ஸ் அறைக்கதவைத் தட்டினாள். கொட்டாஞ்சேனைக்காரி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், சங்கத்தின் பொருளாளர். பெயரை வெட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பொன்னம்பலம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"உங்கட கேள்வியால கமிட்டியில மூண்டு மணித்தியாலம் சண்டை" என்றாள் கொன்ஸ்ரன்ஸ், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு. "இந்தக் காலத்தில எல்லாத்தையும் வெளியில போட்டா ஆமியும் பொலிசும் வந்து கேள்வி கேக்கும் எண்டு சொன்னாங்க. நான் சொன்னன், வாங்கிற சனத்தின்ட பேர் வெளியில வரத் தேவையில்லை. அது பூட்டிக் கிடக்கட்டும். எடுக்கிற எங்கட பேர் வெளியில வரட்டும் எண்டு."

"தலைவர் என்ன சொன்னவர்?"

"கணக்குக் கொப்பிய என்ட பக்கம் தள்ளினார். பிறகு, முதல் என்ரையை எழுதுங்கோ எண்டார்."

அடுத்த நாளே மண்டப வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. மாதம் வந்த காசு, போன காசு, பெற்றோல், வாடகை எல்லாம் அதில் இருந்தன. 'தலைவர் அலவன்ஸ்: 8,000. ஏப்ரலிலிருந்து 6,400.' மக்களுக்கு ஐந்தில் ஒன்று குறைந்தது போலவே தனக்கும் குறைத்திருந்தார். சனம் முண்டியடித்துக்கொண்டு வாசித்தது. "உவ்வளவு எடுத்திருக்கிறார்" என்றார்கள் சிலர். "உவ்வளவுதானோ?" என்றார்கள் வேறு சிலர்.

சனிக்கிழமைகளில் வந்து பில்லுகளைப் பார்த்துத் தரும்படி கொன்ஸ்ரன்ஸ் கேட்டாள். றஞ்சிதம் போனாள். சம்பளம் இல்லை, ஒரு தேத்தண்ணி மட்டும். முதல் மாதம் எல்லாம் சரியாக இருந்தது. மே மாதம் ஒரு தொலைபேசி பில் அவள் கையில் மாட்டியது. ஹெவ்லொக் டவுன் வீட்டு இலக்கம். கனடாவுக்கு நாலு கோல்.

பில்லை எடுத்துக்கொண்டு அவள் நேரே தலைவரின் மேசைக்குப் போனாள்.

"ஐயா, இது சங்கத்துக் கோலோ?"

யோகநாதன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "வீட்டிலயிருந்து சங்க வேலைக்கும் கதைக்கிறனான் தானே."

"உள்ளூர்க் கோலுகளை நான் கேக்கேல்லை. இந்த நாலையும்தான் கேக்கிறன்."

"மகனோடை கதைச்சது" என்றார் அவர், குரலை இறக்கி. "பில்லோடை பில்லாய்ப் போயிட்டுது. நான் கவனிக்கேல்லை."

"ஆயிரத்து முந்நூற்றி எண்பது ரூபா ஐயா."

அவர் பேர்ஸைத் திறந்து எண்ணி வைத்தார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபமா வெட்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"இதையும் போர்ட்டில எழுதவேணுமோ அம்மா?"

"எழுதத்தான் வேணும் ஐயா. இல்லாட்டி நான் இஞ்ச இருந்து ஒரு பிரயோசனமுமில்லை."

அவர் எழுந்து போய்ச் சோக்கை எடுத்துத் தன் கையாலேயே எழுதினார்: 'தலைவர் திருப்பிச் செலுத்திய தனிப்பட்ட தொலைபேசிச் செலவு: 1,380.'

டிசம்பரில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. காசு அனுப்பும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கணக்கறிக்கையை வழக்கமாகப் பொருளாளர் வாசிப்பார். இந்த முறை யோகநாதன் தானே வாங்கி வாசித்தார். தன் அலவன்ஸை வாசித்தார். திருப்பிக் கட்டிய 1,380ஐயும் விடவில்லை. கனடாக் கோல் என்பதையும் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"இந்தக் கணக்கைப் பாத்த ஆள் உங்களுக்குள்ள இருக்கிறா" என்றார் அவர். "றஞ்சிதம் அம்மா, எழும்புங்கோ."

எழும்பியபோது அவளுக்குக் கால் நிலத்தில் படாதது போல் இருந்தது. கைதட்டல் நிற்க நேரமெடுத்தது. மூன்றாவது வரிசையில் பொன்னம்பலம், வைத்தியர் மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தும், எழுந்து நின்று தட்டினார். "என்ரை மனிசி" என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னதும் அவளுக்குக் கேட்டது.

புது வருடம் பிறந்து இரண்டாம் கிழமை, வெளியூர்த் தமிழர் கொடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுப் பத்திரத்தை நிரப்ப லொட்ஜ் மனேச்சர் அறை அறையாக வந்தார். பெயர், வயது, எங்கிருந்து வந்தது, எதற்காகத் தங்குவது எல்லாம் எழுதிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"தொழில்? ஒண்டுமில்லையெண்டு போடட்டோ அக்கா?"

"கணக்குப் பரிசோதகர் எண்டு எழுதுங்கோ."

"சம்பளமில்லாத வேலைதானே?"

"ஓம். எழுதுங்கோ" என்றாள் றஞ்சிதம். எழுத்துப் பிழை இல்லையென்று பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தாள்.