தாய்க் கொடுவாவுக்கு ஒரு ஊசி

கத்தி இறங்குவதற்குள் கொடுவாத் தலையைப் பறித்துக்கொண்டாள் சத்தியபாமா. மண்டைதீவுக் கரையில் மீன் வெட்டும் கிறேசம்மாவின் கையை இதுவரை யாரும் அப்படி மறித்ததில்லை.

"அது கூழுக்கு வைச்ச தலை, பிள்ளை."

மூளையடியை மட்டும் தோண்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றாள் சத்தியபாமா.

"மூளையில்லாத கூழோ? பரவாயில்லை, என்ர மனிசனுக்கு ஒத்துவரும்."

சத்தியபாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயிலில் சுவெற்றருக்குள் ஒடுங்கியபடி, ஓட்டமும் நடையுமாகத் தான் வேலைசெய்யும் மீன்குஞ்சு நிலையத்துக்குள் நுழைந்தாள். தலைக்குக் காவலாகப் பின்னாலேயே வந்தாள் கிறேசம்மா.

தொட்டியில் மிஞ்சியிருந்தது ஒரேயொரு தாய்க் கொடுவா. வயிறு நிறைய முட்டை. கடலில் என்றால் மூளையின் உயிர்க்கலங்கள் ஒரு துளி ஹோர்மோனைக் கசியவிடும். அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பி விழித்துக்கொண்டு இரத்தத்தில் தன் ஹோர்மோனை விடும். முட்டை இறங்கும். அடைபட்ட மீனில் அந்தக் கலங்கள் வாய் திறப்பதில்லை. ஏற்கெனவே இரண்டு தாய்கள் முட்டையோடு செத்து மிதந்துவிட்டன. கொழும்பிலிருந்து வரவேண்டிய ஹோர்மோன் மருந்தும் வரவில்லை. கடல்மீனின் சுரப்பியை எடுத்து இன்றே ஊசி போடாவிட்டால் இதுவும் போய்விடும்.

மண்டையோட்டைச் சீவி, மூளையை ஒதுக்கி, சாவண இடுக்கியை விட்டாள். கடுகளவில் வெள்ளையாக ஒன்று வந்தது. வெக்கையில் கெட முன் அரைத்து, உப்புநீரில் கரைத்து, தாய்மீனின் முதுகில் ஏற்றினாள்.

கிறேசம்மாவின் வாய் சும்மா கிடக்கவில்லை. "பெத்த பிள்ளைக்குப் போத்தில் பால். மீனுக்கு மட்டும் இந்தப் பாடு. ஊர் கதைக்குது, தெரியுமோ?"

தெரியும் என்றாள் சத்தியபாமா. யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிய பேச்சுப்போல அது காதில் விழுந்து போனது. ஊசியைக் கழுவி வைத்தாள்.

மறுநாள் பொழுதுபட, தொட்டியின் மேல் முட்டைகள் பளிங்குத் துகளாக மிதந்தன. தாய் அடியில் செட்டையை மெல்ல அசைத்துக்கொண்டு நின்றது. புதினம் பார்க்க வந்த கிறேசம்மாதான் துள்ளினாள்.

"உமக்கு ஒரு சிரிப்புக்கூட வரேல்லையே. கல்லோ நீர்?"

சத்தியபாமா கையைத் துடைத்தாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"பிள்ளை பெறேக்க எனக்குக் கனக்க இரத்தம் போனதெல்லோ, அக்கா. போன கிழமைதான் டொக்டர் கண்டுபிடிச்சவர். அண்டைக்கே என்ர தலைக்குள்ள இருந்த இதே சுரப்பி செத்துப்போச்சாம். பால் வராததும், இந்த வெயிலிலயும் குளிருறதும் அதாலதான்."