சேமிக்கும்போது என்ன கேட்கிறது?

படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்பீடு பின்னால் நகர்ந்தபோதுதான் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. அப்பாவின் நெற்றியிலிருந்து தோள்வரை, சாய்வாக, வெளுத்த எழுத்துகளில், 'முழுப் பதிப்பை வாங்குங்கள்' என்று எழுதியிருந்தது.

"போன்ல பாக்கும்போது தெரியலக்கா. சத்தியமா," என்றான் ஸ்பீடு. சித்தி மகன். எதையும் அவசரமாகச் செய்து வாங்கிய பெயர் அது.

கூடத்தின் நடுவே அப்பா குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இதையா தலைமாட்டுல வைக்கப்போறீங்க?"

"காசு கட்டுனா அது போயிடும்மா. இரு, இப்பவே கட்டிடறேன்," என்று அண்ணன் போனை எடுத்தான்.

"காசு கட்டியா? உங்கப்பாவுக்கா?"

முதலில் சிரித்தது சித்திதான். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அண்ணன், பிறகு வாசலோரம் நின்ற அப்பாவின் பழைய அலுவலக ஆட்கள்கூட. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நெஜமாத்தான் சொல்றேன். அந்த எழுத்தோட அவர அனுப்பமாட்டேன். காசு கட்டியும் அனுப்பமாட்டேன்."

அப்பா லிப்ட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் இணையக் கிடங்குகளில் 'இலவசம்' என்று போட்டிருக்கும் மென்பொருள்களை இறக்கி, எது மெய்யாகவே இலவசம் என்று பார்ப்பதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டார். உறவில் எல்லோருக்கும் அவர் 'ஓசி மாமா'. அந்தப் பெயர் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "ஓசின்னா, குடுத்தவன் மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருப்பான். இலவசம்னா குடுத்துட்டு மறந்துடுவான். ரெண்டும் ஒண்ணா?" என்பார்.

"வண்டி மதியந்தானே? நான் பாக்கறேம்மா," என்றாள் மகள்.

அப்பாவின் அறையில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று புதியது. இன்னொன்று தடித்த பழைய மடிக்கணினி. மூடியின்மேல் 'பலிகடா' என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. அவள் புதியதன்முன் உட்கார்ந்தாள். லிப்டுகளுக்கு மேலே இருக்கும் இயந்திர அறையில், பெரிய உருளைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் அப்பா நிற்கும் படம் அதில் இருந்தது. சிறியது. பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அதைச் சரிசெய்யத்தான் ஸ்பீடு ஏதோ ஒரு செயலியில் போட்டிருந்தான்.

அப்பா புழங்கிய கிடங்கைத் திறந்தாள். படம் பெரிதாக்கும் மென்பொருள்கள் பக்கம் பக்கமாக வந்தன. எல்லாமே இலவசம்.

முதலில் கிடைத்தது அழகாக இருந்தது. முகம் நொடியில் தெளிந்தது. சேமிக்கப் போனால் வங்கி அட்டை எண் கேட்டது. இரண்டாவது எதுவும் கேட்காமல் சேமித்தது. ஆனால் சேமித்த படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூன்றாவது, தன்னோடு யாரும் கூப்பிடாத ஒரு வானிலைப் பட்டையையும் கூட்டிவந்து திரையின் மேலே உட்காரவைத்தது. வெயில் அடிக்குமாம்.

எரிச்சல்தான் வரவேண்டும். ஆனால் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் கையை நீட்டும் என்று பார்க்கும் ஆவல் அவளுக்கு வந்துவிட்டது. பூட்டிய கதவுகள் நிறைந்த தாழ்வாரத்தில் ஒவ்வொரு பிடியாகத் திருகிக்கொண்டே போவதுபோல இருந்தது. நான்காவதை இறக்கும் முன் கீழே கருத்துகளைப் படித்தாள். 'லிப்ட்காரர்' என்ற பெயரில் ஒரு வரி இருந்தது.

'மேலே போகும். நடுவில் நிறுத்திக் காசு கேட்கும். ஏறவேண்டாம்.'

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்ததற்குப் போனாள்.

'பலிகடாவில் தேதியை ஒரு வருஷம் தள்ளி வைத்துப் பார்த்தேன். செத்துவிட்டது. இது இலவசம் இல்லை, தவணை.'

அதற்கும் அடுத்ததில்: 'கேட்கவில்லை, பிடுங்கவில்லை, தள்ளியும் சாகவில்லை. அழகு இல்லை. அதனால் என்ன?'

"என்னடி, கெடச்சுதா?" அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள்.

"அம்மா, அப்பா ஏன் தேதிய மாத்துவாரு?"

"அதுவா? உள்ள வெச்சுருக்கற கெடு முடிஞ்சதும் சிலது வேலைநிறுத்தம் பண்ணுமாம். லிப்ட்டுல என்ன பண்ணுவாங்க? கயிறு அறுந்தா பிடிச்சுக்குதான்னு வேணும்னே விழவுட்டுப் பாப்பாங்க. அதேதான் இதுவும்னுவாரு." அம்மா பலிகடாவைப் பார்த்தாள். "வீட்டுக் காலண்டரையும் அப்பப்ப தள்ளிவுட்டு என் உசிர வாங்குவாரு. சும்மா, வம்புக்கு."

"நீ படிச்சிருக்கியா இதெல்லாம்?"

"எனக்கெதுக்கு? எழுதும்போதே சத்தமா சொல்லிக்கிட்டுத்தானே எழுதுவாரு. 'ஏறவேண்டாம்'னு எழுதிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாரு." சொல்லிக்கொண்டே அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். கூடத்திலிருந்து யாரோ அழைக்க, திரும்பிப் போனாள்.

அழகில்லாததை இறக்கினாள். சாம்பல் நிறச் சாளரம், கட்டைகட்டையான பொத்தான்கள். உரிமத்தைப் படித்தாள், இதுவரை எந்த உரிமத்தையும் அவள் படித்ததில்லை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கெட்டுப்போனால் எங்களைத் திட்டாதீர்கள். அவ்வளவுதான்.

படம் மெதுவாகப் பெரிதாகியது. ஸ்பீடின் செயலி வழித்து மழமழப்பாக்கியிருந்த கன்னத்தில் அம்மைத் தழும்புகள் திரும்பி வந்தன. முகம் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. அப்பாவும் அப்படித்தான் இருப்பார்.

சேமி என்று அழுத்தினாள். சேமித்தது.

எதையாவது கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

ஸ்பீடு பென்டிரைவை வாங்கிக்கொண்டு ஓடி, அச்சுப்போட்டு, சட்டத்தோடு திரும்பினான். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து நான்கு மூலையையும் பார்த்தாள். திருப்பி முதுகையும் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கலம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"உரிமத்தக்கூடப் படிச்சேன்."

அன்று முதன்முறையாக அம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள். பிறகு படத்தைத் தானே கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தாள்.

கணினியை அணைக்க மகள் அறைக்குத் திரும்பினாள். கிடங்கின் பக்கம் அப்பாவின் கணக்கிலேயே திறந்தபடி இருந்தது. மேலே மணி அடையாளத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அழுத்தினாள். இன்று காலை யாரோ கேட்டிருந்தார்கள்.

'லிப்ட்காரரே, இசைக்குறிப்பு எழுதும் இந்த மென்பொருளை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறதே. மூன்று பாட்டு எழுதிவிட்டேன். வெளியே எடுக்க விடுமா என்று பயமாக இருக்கிறது. பார்த்துச் சொல்ல முடியுமா? அவசரம் இல்லை.'

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம். அண்ணன் அவளைக் கூப்பிட்டான்.

"வரேன்," என்றாள்.

பலிகடாவின் மூடியைத் திறந்தாள். அது எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டது. இசைக்குறிப்பு மென்பொருளின் பக்கத்தைத் தேடி, இறக்கும்படி அழுத்தினாள். பச்சைக் கோடு இடது ஓரத்திலிருந்து நகரத் தொடங்கியது.

அண்ணன் இன்னொரு முறை கூப்பிட்டான். மூடியைத் திறந்தபடியே விட்டு, கதவைச் சாத்தாமல், அவள் கூடத்துக்குப் போனாள்.