வாழையிலைக் குளியல்

மனித உடம்பைச் சுத்தம் செய்ய வெளியாள் தேவையில்லை என்ற உண்மையைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் முதன்முதலாக எழுத்தில் நிலைநாட்டியவன் நான். கல்லீரல் ஒன்று, சிறுநீரகம் இரண்டு, ஆக மூன்று பேர் சம்பளமில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகூட விடுப்பு எடுக்காமல் உள்ளே உழைத்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் தலையில் வெந்தயத் தண்ணீரை ஊற்றுவது தொழிலாளர் விரோதப் போக்கு என்று எங்கள் கல்லூரி விலங்கியல் துறைச் சுவரேட்டில் எழுதினேன். அதற்கு ஆசிரியர், எழுத்தாளர், பிழை திருத்துபவர், பசை தடவுபவர் எல்லாம் நானே. படம் மட்டும் என் வகுப்புத் தோழி தங்கமணி.

வியாழக்கிழமை தோறும் வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்தின் பின்படியில் நாங்கள் உட்காருவோம். நடுவில் வேர்க்கடலைப் பொட்டலம். அவள் யாரை வரைந்தாலும் மூக்கை நீட்டிவிடுவாள். துறைத்தலைவர் மூக்கு ஒருமுறை தாளைத் தாண்டி சுவர்வரை போனது. என் மூக்கை மூன்று வருடங்களில் ஒருநாளும் சரியான அளவில் அவள் போட்டதில்லை. அதை ஓர் உரிமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அரங்கநாதன் என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவன். எலவனாசூர்கோட்டைக்காரன். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவன் டீயை விட்டான். காலையில் வேப்பங்கொழுந்து, மத்தியானம் கொள்ளு ரசம், மாதத்தின் முதல் ஞாயிறு வயிறு கழுவ விளக்கெண்ணெய். அந்த ஞாயிறு எத்தனை தடவை போனது என்பதைத் திங்கட்கிழமை வகுப்பில் வருகைப்பதிவு மாதிரி வாசிப்பான். இதெல்லாம் எனக்கு நல்ல தீனி. பிரச்சினை என்னவென்றால், மாசி பாதியில் அவன் முகம் உண்மையிலேயே பளபளக்கத் தொடங்கியது.

"இன்னாடா அரங்கா, மூஞ்சி இப்படி மினுக்குது? இன்னா போட்ற?" என்றாள் தங்கமணி.

"ஒண்ணும் போடல தங்கம். உள்ள கீற அழுக்க எடுத்துட்டேன், அவ்ளோதான்."

தங்கம். மூன்று வருடங்களில் நான் அவளை ஒருமுறைகூட முக்கால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் முகத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரே வாக்கியமும் எனக்கு நினைவிருக்கிறது: "சின்னதுரை, கண்ணுல பூளை கீது, தொடச்சிக்க."

அந்த வாரம் வாழையிலைக் குளியலைக் கிண்டல் செய்து எழுதினேன். உடம்பு முழுக்க இலையைச் சுற்றி வெயிலில் போடுவது மனிதனைச் சுத்தம் செய்வதற்கு அல்ல, அவனைப் பார்சல் கட்டுவதற்கு என்பது என் வாதம். இலைக்குள் படுத்திருக்கும் அரங்கநாதனை வரையச் சொன்னேன். வரைந்தாள். இலை, நார், வெயில் எல்லாம் பிரமாதம். ஆனால் மூக்கு சரியான அளவில் இருந்தது. புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பைக்கூட விடாமல் போட்டிருந்தாள். இவ்வளவு நேரம் அவள் அவனை எப்போது பார்த்தாள் என்று யோசித்தபடி நான் அந்தப் படத்துக்குப் பசை தடவினேன்.

"ஞாயித்துக்கெழம வெள்ளிமலைல வாழையெல குளியல் முகாம் கீதாம். அரங்கன் போறான், நானும் போறேன்" என்றாள். "உங்க கொல்லையில எல கேக்கறாங்களாம். கொண்ணாந்து குடேன். எழுதனா மட்டும் போதுமா, பாக்க வேணாமா?"

எங்கள் நிலம் கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைப் பாசனத்தில். கரும்பு போக முக்கால் ஏக்கர் வாழை. சனிக்கிழமை சாயங்காலம் கத்தியோடு இறங்கினேன். அப்பா வரப்பிலிருந்து கத்தினார். "மேற்கால மரத்துல கைய வெக்காத. நேத்துதான் மருந்தடிச்சேன். மாட்டுக்குக்கூட போடாத, ஆமா."

கிழக்கில் முப்பத்தெட்டு இலை அறுத்தேன். நாற்பது கேட்டிருந்தார்கள். கிழக்கில் இலையே இல்லை என்று இங்கே எழுதலாம், இருந்தது. நான் மேற்கே போனேன். அகலமாக, கிழிசல் இல்லாமல், அரங்கநாதன் உயரத்துக்கு இரண்டு இலை. துண்டால் துடைத்தேன். துடைத்தால் போகாது என்பது விலங்கியல் படிக்காதவனுக்கும் தெரியும். இரண்டு நாள் சொறிவான், முகம் தடிக்கும், வியாழக்கிழமைக்குள் தங்கமணியின் படத்தில் அவன் மூக்கு தானாகவே பழையபடி நீண்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவுதான் என் திட்டம். அந்த இரண்டின் காம்பிலும் அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டினேன்.

மலைப் பேருந்தில் இலைக்கட்டு என் மடியில் வந்தது. முகாமை நடத்தியவர் கொளஞ்சியப்பன், ஓய்வுபெற்ற கண்டக்டர். முப்பது வருடம் ஆட்களை ஏற்றிய பழக்கத்தில் இலைக்குள்ளும் அப்படியே ஏற்றினார். மூன்று டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்து, தலையில் ஈரத்துணி போட்டுப் படுக்கவைத்து, "கால மடக்கு, கைய உள்ள வை, வெளிய நீட்டாத" என்று சுற்றி, வாழைநாரால் கட்டி, மூக்குக்கு மட்டும் துளை விட்டார். "எறங்கற எடம் வந்தா நானே சொல்றேன், தூங்கு." சாமை வயலின் ஓரத்தில் ஆண்கள் வரிசையாகப் பச்சையாகக் கிடந்தார்கள். பெண்களுக்கு அந்தப் பக்கம், கொடியில் புடவை கட்டி மறைப்பு; அங்கே இலை சுற்றுபவள் சின்னப்பொண்ணு.

அரங்கநாதன் முறை வந்தது. நான் நூல் கட்டிய இலைகளை எடுத்து நீட்டினேன். கொளஞ்சியப்பன் வாங்கி, தூக்கிப் பார்த்தார்.

"அட, ஒரு கிழிசல் இல்ல. இது பொம்பளைங்க பக்கம் போவட்டும். இவனுக்கு இன்னாத்துக்கு, ரெண்டு ஓட்ட எல போதும்." மறைப்புக்கு மேலே வீசினார். "யம்மா சின்னப்பொண்ணு, அந்தக் காலேஜ் பொண்ணுக்குச் சுத்து!"

அரங்கநாதனை ஓட்டை இலையில் கட்டி முடித்தார். மறைப்புக்கு அந்தப் பக்கம் தங்கமணி சிரிப்பது கேட்டது. குளிருதே, கூசுதே என்கிறாள். இலை விரியும் ஓசையும் கேட்டது. ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. அந்த இரண்டு மூச்சுக்கு எனக்கு இன்றுவரை கணக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அந்த எல வேணாம்! சுத்தாதீங்க!"

"இன்னாடா?"

"மருந்தடிச்ச எல."

தலையில் நீல ஈரத்துணியோடு தங்கமணி மறைப்பைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் அந்த இலை. நூலைப் பார்த்தாள்.

"தெரிஞ்சா கொண்ணாந்த?"

பொய் சொல்ல நான்கைந்து வழி இருந்தது. எல்லாமே நல்ல வாக்கியங்கள்.

"தெரிஞ்சிதான்."

"யாருக்கு?"

பக்கத்தில் கிடந்த பார்சலின் மூக்குத் துளையிலிருந்து குரல் வந்தது. "எனக்குத்தான் தங்கம். அவன் கையால நீட்டுனானே, பாத்தேன்."

அவள் இலையைக் கீழே போட்டுவிட்டு, தொட்டியில் முழங்கைவரை கழுவினாள். இரண்டாவது தடவையும் கழுவினாள். பிறகு மறைப்புக்குப் பின்னால் போய்விட்டாள்.

கொளஞ்சியப்பன் குழி தோண்டி இரண்டு இலையையும் புதைத்தார். "படிக்கற புள்ள" என்று மட்டும் சொன்னார், பயணச்சீட்டு எடுக்காதவனிடம் சொல்வதுபோல.

மத்தியானம் எல்லோரும் சாமைக் கஞ்சிக்குக் கொட்டகைக்குப் போனார்கள். நான் போகவில்லை. வயல் ஓரத்தில் நாலைந்து கிழக்கு இலை மிஞ்சியிருந்தது. பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இரண்டாவதும், மூன்றாவதும் குடித்தேன். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்து, இலையை இழுத்து மூடினேன். கால் மூடினால் நெஞ்சு திறந்தது. இந்தக் குளியலைத் தனியாளாகச் செய்ய முடியாது, கட்டிவிட ஒருவர் வேண்டும் என்பதை என் கட்டுரையில் நான் எழுதவே இல்லை.

காலடி கேட்டது. அரங்கநாதன், கையில் கஞ்சி டம்ளரோடு. குனிந்து பார்த்தான். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, நாரை எடுத்தான். கால், இடுப்பு, நெஞ்சு என்று வரிசையாகக் கட்டினான்.

"இறுக்கமா கீதா?"

"இல்ல."

"மூக்கு?"

"வெளியதான் கீது."

அவன் போய்விட்டான். உள்ளே எல்லாம் பச்சையாக இருந்தது. நடு நரம்பிலிருந்து கோடு கோடாக வெயில் இறங்கியது. முதல் வியர்வை காதுக்குப் பின்னால் புறப்பட்டு, கழுத்தில் வழி தேடியது. கையை அசைக்க முடியாததால் அதைத் துடைக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தின் மேல் பச்சை கறுத்தது. யாரோ வெயிலை மறைத்து நின்றார்கள். மூக்குத் துளை வழியாக அந்த நீல ஈரத்துணியின் நுனி மட்டும் தெரிந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு, இலை மேல் விழுந்து, உருண்டு, நின்றது.