இரண்டரை மார்க்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது ஆசைப்பட்டு எழுதுகிற கதை இல்லை. எங்களை இங்கே அனுப்பிய ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தின் ஆண்டு மலருக்கு, 'அயல்நாட்டில் என் ஓராண்டு' என்று ஆயிரம் சொல்லில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கடைசி நாள் இன்று. காலையிலிருந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து மூன்று தொடக்கம் எழுதியாயிற்று.

'விமானத்தை விட்டு இறங்கியதும் குளிர்க்காற்று என் முகத்தில்...' (அடித்துவிட்டேன். எல்லார் முகத்திலும்தான் அடித்தது.)

'கணிதத்துக்கு மொழி தடையில்லை என்பதை இந்த ஓராண்டில்...' (பொய். பின்னத்துக்கு இவர்கள் மொழியில் என்ன சொல் என்று தெரியாமல், முதல் வாரம் முழுக்கத் தாளைக் கிழித்துக் கிழித்துக் காட்டினேன்.)

'இங்கே எனக்கு ஒரு நல்ல தோழி கிடைத்தாள்.' இதை மட்டும் அடிக்கவில்லை. அடிக்க மனம் வரவில்லை, தொடரவும் முடியவில்லை. அதனால்தான் கட்டுரை கதையாகிறது. கதை என்று சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற கள்ளத்தனமும் அதில் இருக்கலாம். என்னை முழுசாக நம்பாதீர்கள்.

2

தோழி வேதியியல் ஆசிரியை. நான் கணக்கு. ஒரே திட்டத்தில் வந்து, ஒரே பள்ளியில் வேலை பார்த்து, ஒரே மாடி வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்துக்கொண்டோம். ஸ்டாஃப் ரூம் பழக்கம் எங்களை விடவில்லை. வீட்டிலும் மிஸ்தான்.

"மிஸ், பால் பொங்குது!"

"அடுப்பை அணைங்க மிஸ்!"

'மிஸ்' என்பது எங்கள் குடும்பப் பெயர் என்றே கீழ்வீட்டுக்காரர் ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

மூன்றாம் மாதம் அவள் அதைக் கைவிட்டாள். "ஏய் மேத்ஸ், மழை வரும்போல இருக்கு, குடையை எடுத்துட்டுப் போ." அன்றிலிருந்து நானும் அவளைக் கெமிஸ்ட்ரி என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அவளுடைய அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. சாதாரண இரும்புத் தாழ்ப்பாள். வந்த அன்று அதைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாள்.

"எங்க வீட்ல ஒன்பது பேரு. எல்லாரும் நல்லவங்கதான், குறை சொல்லக் கூடாது. ஆனா பாத்ரூமைத் தவிர எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. என் தீசிஸ்ல மூணு சாப்டர், வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல உட்கார்ந்து எழுதினது, தெரியுமா?"

மீதி இரண்டு அத்தியாயம். அதற்கு இன்னும் ஒரு வருடம் இங்கே வேண்டும். இந்த அறை, இந்தத் தாழ்ப்பாள். அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

(இவளைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதினால் எனக்கு வசதி. முயன்று பார்த்தேன். குழாயை இறுக்கி மூடமாட்டாள் என்பதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை.)

3

அரையாண்டு முடிந்ததும் பள்ளி அலுவலகம் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் உறை கொடுக்கும். நம் வகுப்பைப் பற்றி அதுவரை சேர்ந்த மதிப்பீடுகளை எல்லாம் அலுவலகத்து அம்மா அவர்கள் மொழியில் தட்டச்சு செய்து, எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு உள்ளே வைத்திருப்பார். என் உறையில் நான்கு தாள்கள். மூன்றில் பாராட்டு. நான்காவதில் இப்படி இருந்தது:

'இந்த ஆசிரியர் பலகையோடு பேசுகிறார். மாணவர்கள் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார். கற்பிக்கும் திறன்: இரண்டரை.'

இரண்டரை! அந்தப் படிவத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள் இருக்கும், ஒன்றில் குறி போட்டால் போதும். இங்கே யாருக்கும் அரை மார்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஸ்டெப்புக்கு அரை, படத்துக்கு அரை, பாவம் என்று ஓர் அரை என்று போட்டுப் பழகிய நம் ஊர்க் கைதான் இரண்டு கட்டத்துக்கு நடுவில் போய் எழுதும். இந்தப் பள்ளியில் அப்படிப்பட்டவர்கள் இரண்டே பேர். இரண்டில் ஒன்று போனால் மீதி ஒன்று. கழித்தல் கணக்கு எனக்குத் தப்பாது.

போதாக்குறைக்கு அவள் முந்தைய மாதம்தான் என் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, "போர்டுகிட்டயே பேசிட்டிருக்க மேத்ஸ், புள்ளைங்களையும் கொஞ்சம் பாரு" என்று சிரித்திருந்தாள்.

4

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதை இரண்டாம் பகுதியிலேயே முடிந்திருக்கும்.* நான் கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்தேன்.

டீ போட்டு நீட்டினால், இப்போது எதற்கு டீ? போனில் குரலைத் தாழ்த்தினால், யாரைப் பற்றி? என் பாடக்குறிப்பைப் பார்த்து "நல்லாருக்கே" என்றால், அந்த ஏகாரத்துக்கு என்ன அர்த்தம்? சந்தேகம் வந்த பிறகு எல்லாமே சாட்சிதான். தாழ்ப்பாள் போடும் சத்தம்கூட எனக்காகவே போடுகிற மாதிரி கேட்டது.

மறுபடி 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

* மூன்றாம் பகுதி என்று திருத்த வேண்டும். கணக்கு டீச்சர் எண்ணிக்கையில் தவறுவது எப்போது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

5

வேலையை இன்னோர் ஆண்டு நீட்டிக்க வேண்டுமானால், சக ஆசிரியர் ஒருவர் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். எனக்கு அவள் நிரப்பித் தந்துவிட்டாள். தன்னுடையதை என்னிடம் கொண்டுவந்தாள்.

"உன்னை விட்டா நான் யாருகிட்ட கேக்கறது?"

"வச்சிட்டுப் போங்க மிஸ்."

"என்ன, திரும்பவும் மிஸ்ஸா?"

"சும்மாதான்."

படிவத்தை மேசையில் வைத்தாள். பிறகு போய்விட்டாள்.

எல்லாக் கட்டத்திலும் நியாயமாகவே குறி போட்டேன். கடைசிக் கேள்வி: 'இவரோடு மீண்டும் பணியாற்ற விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை.' இல்லை என்று போடக் கை வரவில்லை. ஆம் என்று போட மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுதாத விடைக்குப் பூஜ்யம் என்று பதினெட்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பவள் நான். எனக்குத் தெரியாதா?

எனக்கு நீட்டிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

6

நேற்று அலுவலகத்து அம்மா அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தார். (அவர் பேசியது வேறு மொழி. இங்கே நம் மொழியில் பேசட்டும்.)

"இந்தாங்க, உங்க ஃபைல். மூலத் தாளெல்லாம் இதுல இருக்கு. அப்பப்பா, உங்க அரையோட நான் பட்ட பாடு! கம்ப்யூட்டர் ஏத்துக்கவே மாட்டேன்னுடுச்சு."

"என் அரையா?"

"ஆமா. வந்த முதல் மாசம் உங்களை நீங்களே மதிப்பிட்டு எழுதினீங்களே. 'நான்'னு இருந்தா 'இந்த ஆசிரியர்'னு மாத்தித்தான் நாங்க டைப் பண்ணணும்."

என் கையெழுத்து. என் நீல மை. முதல் மாதம் பதினான்கு படிவங்கள் நிரப்பினோம். அதில் ஒன்று. தன்னைத் தானே புகழ்ந்துகொள்வார்களா யாராவது? ஐந்து போட்டால் திமிர், ஒன்று போட்டால் நடிப்பு. அடக்கமாக இரண்டரை போட்டு, கூடவே இரண்டு குறையும் எழுதி வைத்தேன். நம் பக்கத்தில் அப்படி எழுதினால், 'அய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க' என்று எதிரில் இருப்பவர் பதறி மறுப்பார். இவர்கள் மறுக்கவில்லை. அப்படியா என்று வாங்கி அப்படியே தட்டச்சு செய்துவிட்டார்கள்.

அடுத்த தாளில் அவளுடைய பச்சை மை. 'இவர் வகுப்பில் உட்கார்ந்தால் எனக்கே கணக்கு பிடித்துவிடுகிறது.' எல்லாக் கட்டத்திலும் ஐந்து. அரை எங்கேயும் இல்லை.

அந்த அலமாரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

7

இனி முடிவு. மூன்று இருக்கின்றன.

முதல் முடிவில் நான் சொல்கிறேன், அவள் சிரிக்கிறாள், கட்டிக்கொள்கிறோம். (எனக்கே நம்பிக்கையில்லை.)

இரண்டாவதில் நான் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை விமானத்தில் அவள் போகிறாள். பெட்டியைத் தூக்க உதவுகிறேன், கையசைக்கிறேன். அங்கே அவள் வாளியைக் கவிழ்த்துப் போடுகிறாள். (இதுதான் சுலபம். ஆகவே இதைத்தான் நான் செய்வேன் என்று சந்தேகப்படுகிறேன்.)

மூன்றாவது, அலுவலகத்துக்கு ஒரு கடிதம். திருத்தங்களுக்கு இன்று நான்கு மணி வரை நேரம் இருக்கிறது. சொந்தக் கோபத்தில் மதிப்பீட்டைத் திரித்தவரின் நீட்டிப்பு ரத்து என்று படிவத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறார்கள்.

இப்போது மணி மூன்று. அவள் நூலகத்துக்குப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறாள். காலையிலிருந்து நான் கட்டுரை எழுதியது, கதை எழுதியது எல்லாமே அந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்கத்தானோ என்று

8

(மேலே உள்ள வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். முடிக்கப் போவதில்லை.)

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்து அம்மா இரண்டு முறை படித்தார்.

"இது உங்க வேலைக்கும் ஆபத்து. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அவங்களுக்கு இடம் திரும்பக் கிடைக்கும்னும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை தெரியும்."

"சரிங்க."

மலருக்கு இதை அனுப்பப் போவதில்லை. இதுவரை கூட வந்த வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இது உங்களுக்கு எழுதியது இல்லை. எனக்கும் இப்போதுதான் தெரிந்தது.

கெமிஸ்ட்ரி, இதை உன் டம்ளருக்கு அடியில் வைக்கிறேன். படித்துவிட்டு நீ தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டால் நான் வந்து தட்டமாட்டேன். மன்னித்துவிடு என்று நேரில் சொல்லத்தான் வேண்டும், சொல்கிறேன். அதற்குள் இந்தப் படிவத்தை மட்டும் நிரப்பி வை.

இவரோடு மீண்டும் ஒரே வீட்டில் இருக்க விரும்புகிறீர்களா?

ஆம் ☐  இல்லை ☐

வெறுமனே விட்டுவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டு கட்டத்துக்கும் நடுவில் எழுத வேண்டும்போல இருந்தால் எழுது. அரை மார்க்கும் செல்லும்.