பத்துத் தவணைத் திருடன்

திருடனுக்கு எதற்குத் தவணை?

ஜுசாரா இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கைபேசியில் வங்கிப் பெண் செலவுகளை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் தூக்கம் கலையாத அதே குரலில், "இது உங்களுக்குத் தெரிஞ்சதா மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தெற்கே ஏதோ ஊரில் பெட்ரோல். தெரியாது. விமானச் சீட்டு. தெரியாது. கைபேசி விளையாட்டுக்குப் பொற்காசுகள். தெரியாது. யாரோ வரவழைத்துத் தின்ற பீட்சா. தெரியாது. கடைசியாக ஒரு மெத்தை, இருவர் படுப்பது, பத்துத் தவணையில்.

"தெரியாது" என்று அதே வேகத்தில் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது.

அடுத்தவர் அட்டையில் வாங்குகிறவனுக்கு மாதாமாதம் கட்டுகிற கவலை ஏது? நாளையே அட்டையை முடக்கிவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். கிடைத்தவரை ஒரே வாயில் விழுங்கப் பார்ப்பான். பத்தாகப் பிரிப்பவன் அடுத்த மாதத்தை நினைக்கிறவன். அதற்கடுத்த மாதச் சம்பளத்தையும், அதில் மிஞ்சுவதையும் நினைக்கிறவன். கட்டித் தீர்க்கும் எண்ணம் உள்ளவன். அதாவது, அவளை அறிந்தவன்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? ஆப்ல ஒரு கேள்வி வரும். இதையெல்லாம் நானும் வாங்கல, எனக்குத் தெரிஞ்சு என் வீட்டு ஆளுங்களும் வாங்கலன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா அழுத்தணும். நாளைக்குள்ள அழுத்திட்டா எல்லாத்தையும் நீக்கிடுவோம்."

"தப்பா அழுத்திட்டா?"

"தப்பான்னா?"

"சும்மாதான் கேக்கறேன். தெரிஞ்சதையே தெரியாதுன்னு ஒருத்தர் சொன்னா?"

குரலில் தூக்கம் கலைந்தது. "பொய்னு தெரிஞ்சா கணக்கை மூடுவாங்க மேடம். பேரும் கெட்டவங்க பட்டியல்ல ஏறிடும். உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?"

உண்மையில் எதற்கு? ஜுசாரா நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். முதலில் அவர்கள் அழைத்தபோது அவள் நம்பாமல் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்னால் அச்சிட்டிருந்த எண்ணுக்குத் தானே அழைத்திருந்தாள். பாதி விலையில் வெள்ளைக் காலணி தருவதாகக் கைபேசியில் வந்த கடை, பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போனதிலிருந்து அவளுக்கு எல்லோருமே அந்தக் கடையின் ஆட்களாகத் தெரிந்தார்கள்.

வெளியே பெலேம் நகரின் வழக்கமான மதிய மழை கொட்டத் தொடங்கியிருந்தது. அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் முன்னறையில் காத்திருந்த இருவரும் ஆளுக்கொரு நாற்காலியை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். உள்ளேயிருந்து கிராசியெட்டி கையுறையைக் கழற்றியபடி வந்தாள். மருத்துவருக்கு உதவியாளர். ஜுசாராவோடு ஒன்பது வருடமாக ஒரே மேசையில் காபி குடிப்பவள்.

"என்னாச்சு, செருப்புக்காரன் திருப்பித் தந்தானா?"

"என் பேர்ல பீட்சா தின்னுட்டு, பிளேன்ல வேற ஏறிட்டான்."

"எக்வா!" என்று ஊர் வழக்கில் வியந்தாள். "பாரேன், உன் கார்டுக்கு இருக்கிற வாழ்க்கை உனக்கில்ல. நீ பிளேன்ல ஏறியிருக்கியாடி?"

ஜுசாரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தாள். கிராசியெட்டியின் மகள் பிறந்தநாளுக்கு அலங்காரப் பொருள்கள் வாங்க, அட்டை எண்ணை வாசித்துக் காட்டியது இதே மேசையில்தான். போன வாரம் முழுக்க முதுகுவலி என்று புலம்பினாள். இந்த வாரம் புலம்பவே இல்லை.

"உன் முதுகு இப்ப எப்படி இருக்கு?"

"தேவலாம்."

"எப்படித் தேவலாமாச்சு?"

"என்னடி, போலீஸ்காரி மாதிரி கேக்கறே? பிளாஸ்டர் ஒட்டியிருக்கேன், பாக்கறியா?" அவள் சட்டையின் பின்பக்கத்தைத் தூக்கியே காட்டிவிட்டாள். இடுப்புக்கு மேலே பழுப்பு நிறத்தில் இரண்டு பட்டைகள். காத்திருந்த கிழவர் முகத்தை மழைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜுசாராவுக்குக் காது சுட்டது. வெட்கம் மட்டுமல்ல. பட்டையைப் பார்த்த பிறகும், புது மெத்தையில் படுப்பவளுக்கும் முதுகு வலிக்கலாமே என்று உள்ளே ஒரு குரல் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்பது வருடத்தை அந்தக் குரல் பொருட்படுத்தவே இல்லை. தனக்குள் இப்படியொருத்தி இவ்வளவு நாள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அட்டை எண் தெரிந்தவர்கள் வேறு யார்? கணவனின் தங்கை லூசிடேயா. துணி துவைக்கும் இயந்திரத்தை ஜுசாராவின் பெயரில்தான் வாங்கியிருந்தாள். அதில் தப்பொன்றும் இல்லை, எல்லோரும் செய்வதுதான். கடனைக் கட்டாமல் விட்டுப் பட்டியலில் ஏறியவர்களைப் பெயர் அழுக்கானவர்கள் என்பார்கள். அவர்களுக்குச் சுத்தமான பெயர் உள்ள உறவினர் யாராவது பெயரைக் கடன் கொடுப்பார்கள். அந்தக் குடும்பத்தில் சுத்தமாக மிஞ்சியிருந்த ஒரே பெயர் ஜுசாராவுடையது. கணவன் பெனேயுடையது, கூட்டாளி ஒருவனின் மோட்டார் சைக்கிளுக்கு ஜாமீன் நின்றபோது அழுக்கானது. கூட்டாளி அதே மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனவன்தான். அதிலிருந்து வீட்டுக்கு வந்த அடுப்பு, மின்விசிறி, பெனே ஏசி பழுது பார்க்கும் கருவிகள், எல்லாம் அவள் பெயரில். அவளுக்கு ஒன்று ஆனால் அந்த வீட்டில் ஒரு கரண்டிகூடக் கடனுக்கு வராது.

பெனே எப்போதும் கேட்டுவிட்டுத்தான் வாங்குவான். அதனால் அவளுடைய சந்தேகம் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது, தன் வீட்டைத் தவிர.

மாலையில் பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததும் லூசிடேயாவை அழைத்தாள். மெத்தை என்ற சொல்லை எடுக்காமல், அங்கே இங்கே சுற்றி, பிள்ளைகளை விசாரித்து, இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டாள்.

"ஓடுது அண்ணி. ஓடி ஓடிச் சமையக்கட்டு வரைக்கும் வந்துடுது. உங்க தவணை இந்த மாசம் குடுத்துட்டேனே?"

"அதுக்கில்ல. வேற ஏதாச்சும் வாங்கணும்னு நெனச்சியா? கட்டில், மெத்தை, அந்த மாதிரி?"

"எனக்கெதுக்கு மெத்தை? நாங்க எல்லாரும் வலை ஊஞ்சல்லதான தூங்கறோம். ஓ, அண்ணன் தூக்கிட்டுப் போச்சே, அதைக் கேக்கறீங்களா? இவர் வண்டியைத்தான் எடுத்துட்டுப் போச்சு. கொண்டு வந்து விடறப்போ பெட்ரோல்கூடப் போடல, சொல்லுங்க அதுகிட்ட."

பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"அண்ணி?"

"சொல்றேன்."

"உங்க வீட்டுக்குத்தானே? நல்லா பெருசா இருந்துச்சே..." லூசிடேயாவின் குரல் நடுவழியில் மெலிந்தது. "அடுப்புல ஏதோ கருகுது அண்ணி, அப்புறம் பேசறேன்."

எதுவும் கருகவில்லை என்று ஜுசாராவுக்குத் தெரியும். அந்த வீட்டில் இந்நேரத்துக்கு யாரும் சமைப்பதில்லை.

கைபேசியை மடியில் வைத்துக்கொண்டாள். மனம் அவளைக் கேட்காமலே ஓர் அறையைக் கட்டத் தொடங்கியது. சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்தது. ஜன்னல் வைத்தது. நடுவில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காத மெத்தை. ஒரு பெண் அதன் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு முறை குதித்துப் பார்க்கிறாள். அவளுக்கு முகம் வைக்க முடியவில்லை. முகம் இல்லாததுதான் அதிகம் உறுத்தியது. பெனே அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். அப்படிப்பட்டவர்களின் மனைவிகளும் இதையேதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

அசாயிப் பழக்கூழ் விற்பதற்கு அடையாளமாகச் சிவப்புக் கொடி கட்டிய கடையில் இறங்கி ஒரு பை வாங்கினாள். வீட்டுக்குப் போனபோது பெனே மீன் பொரித்துக்கொண்டிருந்தான். தோளில் துண்டு, காலில் எண்ணெய் தெறிக்காதபடி எட்டி நிற்கும் அதே தோரணை. அவள் பையை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, மரவள்ளிக் குருணையை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். கேட்பதற்கு முன் பார்க்க விரும்பினாள்.

"பேங்க்ல பேசினேன். அஞ்சு செலவு இருக்கு. எதுவும் நான் பண்ணதில்லன்னு சொல்லிட்டேன். நாளைக்குள்ள ஆப்ல அழுத்தினா நீக்கிடுவாங்களாம்."

பெனேயின் கை மீனின் மேலே நின்றது. "எல்லாத்தையுமா?"

யாராக இருந்தாலும் முதலில் என்னென்ன செலவு என்று கேட்டிருப்பார்கள்.

"எல்லாத்தையும்" என்றாள்.

அவன் மீனைத் திருப்பிப் போட்டான். அவன் தோள்கள் மெல்ல இறங்குவதை அவள் பார்த்தாள். பல் பிடுங்க வேண்டாம், அடைத்தாலே போதும் என்று கேட்டவர்களின் தோள்கள் அப்படித்தான் இறங்கும்.

"மெத்தை யாருக்கு, பெனே?"

அவன் அடுப்பை அணைத்தான். துண்டால் கையைத் துடைத்தான். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"லூசி சொன்னாளா?"

"யாருக்குன்னுதான் கேட்டேன்."

"அடெனோருக்கு. என்கூட ஏசி வேலைக்கு வர்றானே."

"அப்படி ஒருத்தன் வர்றதா நீ சொன்னதே இல்ல."

"புதுசா சேர்ந்தவன். ஒரு பொண்ணோட சேர்ந்து குடித்தனம் ஆரம்பிக்கிறான். தரையில படுத்துக்கிட்டு இருக்காங்க. அவன் பேரும் அழுக்கு. மாசாமாசம் குடுத்துடறேன்னு கையப் பிடிச்சுக்கிட்டான். எனக்கு இல்லன்னு சொல்ல வரல."

"என்கிட்ட கேக்கவும் வரல."

"கேட்டா நீ வேணாம்பே."

"ஆமா, வேணாம்பேன். நான் உனக்குக் கடன் குடுத்த பேரை நீ இன்னொருத்தனுக்குக் கடன் குடுத்திருக்கே. நம்ம மெத்தையில நடுவுல குழி. ராத்திரி முழுக்க நீ என் மேல உருண்டு விழறே. ஊருல எவனோ ஒருத்தன் சமமா படுக்கணும்னு உனக்குத் தோணியிருக்கு."

பெனே சிரிக்கப் பார்த்தான். "உன் மேல விழறது எனக்குப் பிடிச்சிருக்குதே." அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டான். "வேணும்னா அவனுக்கு போன் போட்டுத் தரேன். நீயே பேசு. இப்பவே பேசு."

எண்ணைத் தேடிக் கைபேசியை நீட்டினான். அவள் வாங்கவில்லை. எந்த ஆணும் அதில் வந்து நான்தான் அடெனோர் என்று சொல்லலாம். அந்த வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம்; பார்த்தால் அங்கே ஒரு பெண் இருப்பாள், இருப்பாள் என்று இவனே சொல்லிவிட்டான். அவள் யாருடைய பெண் என்று மெத்தையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? எந்தப் பதிலும் போதாத இடத்துக்குத் தான் வந்துவிட்டதை ஜுசாரா உணர்ந்தாள். அவன் பொய் சொல்கிறான் என்றும் தோன்றவில்லை. ஆனால் நேற்றுவரை அவன் சொன்னதை அவள் இப்படி எடை போட்டதில்லை. அதுதான் போய்விட்டது. அதை எந்த வங்கியும் திருப்பித் தராது.

பெனே எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. இளகி, கொஞ்சம் உற்சாகமாகக்கூட.

"இங்க பாரு, ஜு. நடந்தது நடந்துபோச்சு. ஆனா நல்லதுக்குத்தான் நடந்திருக்கு. நாலு செலவு திருடன் பண்ணது. அதோட இதுவும் சேர்ந்து போகட்டுமே. அஞ்சையும் தெரியாதுன்னு நீயே சொல்லிட்டே. இனி அழுத்தறதுதானே பாக்கி? அடெனோர் கட்ட வேணாம், நாம கட்ட வேணாம். பேங்க்காரனுக்கு இது ஒரு காசா?"

"கண்டுபிடிச்சா?"

"யார் கண்டுபிடிப்பாங்க? கடையில போய் எடுத்தது நான். என் மூஞ்சிய எவன் ஞாபகம் வெச்சிருப்பான்?" அவள் கைபேசியை மேசையின் மறுபக்கத்திலிருந்து எடுத்து அவள் முன் வைத்தான். "அழுத்திடு. அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வேணாம். நமக்குள்ள ஒண்ணுமே நடக்கல."

அவன் கெஞ்சினான் என்றும் சொல்ல முடியாது. நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தான், மழை விட்டதும் கிளம்பக் காத்திருப்பவனைப் போல.

அவள் செயலியைத் திறந்தாள். பெட்ரோலுக்குத் தெரியாது என்று அழுத்தினாள். விமானச் சீட்டு, விளையாட்டுக் காசு, பீட்சா, மூன்றுக்கும் அப்படியே. விரலுக்கு எந்தத் தடையும் இல்லை. ஐந்தாவது வந்தது.

அழுத்தினால் பெயருக்கு ஆபத்து. அது இருக்கவே இருக்கிறது. அழுத்தினால் வேறொன்றும் நடக்கும். அந்த மெத்தை யாரும் வாங்காத மெத்தையாகிவிடும். ஒரு திருடன் வாங்கினான், வங்கி மன்னித்தது, முடிந்தது. பெனே எந்த மாதமும் எதையும் மேசையில் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்காது. அவளும் எந்த மாதமும் கேட்க முடியாது. கேட்கும் உரிமையை அவள் விரலே அழித்துவிட்டிருக்கும். பச்சைச் சுவர் உள்ள அந்த அறை மட்டும் இருக்கும், உள்ளே, அவளுக்கு மட்டும்.

"கடைசிதானே? அழுத்து" என்றான் பெனே.

"மாட்டேன், பெனே."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டதா என்றே முதலில் தெரியவில்லை. அவள் கைபேசியை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அசாயியை இரண்டு கிண்ணங்களில் ஊற்றினாள்.