எழுத்தில் வேண்டாம்

ஆவணம் கேட்டு ஆள் வந்திருப்பதாகத் துலிக்கி வந்து சொன்னபோது அல்வார் காபி இயந்திரத்தின் முன் நின்றிருந்தான். பொத்தானை அழுத்திவிட்டான். கோப்பையை வைக்கவில்லை.

"கோப்பை," என்றாள் துலிக்கி.

வைத்தான். பாதிக் காபி கீழே போயிருந்தது.

"என்ன கேட்டிருக்காங்களாம்?"

"தால்மூரா ஸ்கூலை மூடணும்னு நீ எழுதின அறிக்கை இருக்கே. அதுக்காக நீ கம்ப்யூட்டர்ல அந்த ஏஐ மெஷின்கிட்ட பேசினதெல்லாம் வேணுமாம். ஒரு வரி விடாம."

துலிக்கி நகராட்சியின் பதிவாளர். உள்ளே வரும் காகிதமும் வெளியே போகும் காகிதமும் அவள் கையைத் தாண்டித்தான் போகும். அல்வார் பள்ளித் துறையில் திட்ட அலுவலர். வியாழக்கிழமை நகராட்சியின் பள்ளிக் குழு கூடி, அவன் அறிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு தால்மூரா பள்ளியை மூடும்.

"யாரு கேட்டது?"

"ஆவணம் கேக்கறவங்க யாருன்னு கேக்கக் கூடாதுன்னு சட்டம். உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

"சும்மா கேட்டேன்."

"சும்மாவும் கேக்கக் கூடாது. கீழ உக்காந்திருக்காங்க. வாங்காம போறதா இல்ல."

அவன் அறைக்குப் போனான். உட்கார்ந்தான். எழுந்து ஜன்னலைத் திறந்தான். ஜனவரிக் குளிர் முகத்தில் அறைந்தது. மூடினான். தால்மூராவில் பிள்ளை படிக்கிற யாராவதா, பத்திரிகைக்காரரா என்று துலிக்கிக்கு ஒரு மெயில் தட்டிவிட்டான்.

சிறிது நேரத்தில் அவள் கதவருகே நின்றாள்.

"உன் மெயில் வந்துச்சு. பதிஞ்சுட்டேன். இனிமே அதுவும் பொது ஆவணம். யார் வேணா வந்து கேக்கலாம். இன்னும் ஏதாவது எழுதப் போறியா? பேப்பர் நிறைய இருக்கு."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"கொடுத்துத்தான் ஆகணுமா?"

துலிக்கி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அது உன் கையிலதான் இருக்கு. அந்தப் பேச்சு வெறும் வரைவு, கோப்புல சேராததுன்னு நீ சொன்னா, கொடுக்க முடியாதுன்னு எழுதிக் கொடுத்துடுவேன். அவங்க கோர்ட்டுக்குப் போகலாம். தீர்ப்பு வர்றதுக்குள்ள வியாழக்கிழமை போயிடும். கோப்புல சேருன்னு சொன்னா இன்னிக்கே பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன்."

"நீ படிச்சியா?"

"மறைக்க வேண்டியது ஏதாவது இருக்கான்னு பாக்கறது என் வேலை," என்றாள். "படிச்சேன்."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். அவள் படித்திருக்கிறாள் என்பதே அவனுக்கு உறுத்தியது.

என்ன எழுதினோம் என்பது அவனுக்கு மறக்கவில்லை. பள்ளியை மூடுவதென்று துறைத் தலைவி குன்னெல் முடிவுசெய்துவிட்டாள், அதற்குத் தக்க காரணங்களை எழுது என்று கேட்டிருந்தான். தால்மூராவின் சின்னப் பிள்ளைகள் பஸ்ஸில் இருக்க வேண்டிய நேரம் நகராட்சி தானே வகுத்த வரம்பைத் தாண்டுகிறது என்று இயந்திரம் சொன்னது. பஸ் விஷயத்தைக் கடைசி இணைப்பில் போடு, யார் கண்ணிலும் படவேண்டாம் என்று எழுதினான். போட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் செய்வது சரிதானா என்று வேறு கேட்டுவைத்தான். அறையில் வேறு யாரும் இல்லை.

மேல்கோட்டு மாட்டிக்கொண்டு குன்னெல் வந்தாள். பனியில் வழுக்காமலிருக்கும் முள் பட்டையை ஒரு காலணியில் மாட்டியாகிவிட்டது, இன்னொன்று கையில்.

"வா, கொஞ்சம் நடக்கலாம்."

அந்த அலுவலகத்தில் முக்கியமான பேச்செல்லாம் மேல்கோட்டோடுதான் நடக்கும். மெயிலில் எழுதினால் ஊர் படிக்கும். உறைந்த ஏரியின் மேல் பேசினால் யாரும் படிக்க முடியாது.

இருவரும் கரையை விட்டு ஏரியின் பனிமேல் தள்ளிப் போனார்கள். பிறகு குன்னெல் சொன்னாள்:

"வரைவுன்னு சொல்லிடு. பொய்கூட இல்ல அது."

"சரி."

"சரின்னா ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"உன் பேரு இருக்கு அதுல."

குன்னெல் நின்றாள். "எதுல?"

"நீ முடிவு பண்ணிட்டன்னு எழுதியிருக்கேன்."

"மெஷின்கிட்டயா?"

"அதுக்குப் பின்னணி தெரிஞ்சாத்தான ஒழுங்கா எழுதும்."

"பின்னணி!" அவள் வாயிலிருந்து ஆவி பறந்தது. "அல்வார், போன செப்டம்பர்ல உன்ன எதுக்குக் கரையோரமா கூட்டிட்டு வந்தேன்? மீன் பிடிக்கவா? எழுத்துல வேண்டாம்னுதான வாய்ல சொன்னேன்? நீ நேரா போய் அந்த எழவுகிட்ட ஒப்பிச்சுட்டு வந்திருக்க!"

"யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

"ஒரு நாய் வாங்கியிருக்கலாமே."

இருவரும் நடந்தார்கள். அவள் கோபம் நாலு அடியில் தணிந்தது, அல்லது தணிந்த மாதிரி காட்டினாள். அந்தப் பள்ளியின் கூரைக்கே போன வருடம் எவ்வளவு போனது, முதியோர் இல்லத்தில் வேலைக்கு ஆள் வைக்க முடியாமல் எத்தனை அறை பூட்டிக் கிடக்கிறது, எதையாவது மூடாமல் எப்படி என்றாள். அவள் சொன்னது எதுவும் பொய்யில்லை. அதை அறிக்கையிலேயே எழுதியிருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது.

திரும்பி வரும்போது மெதுவாகச் சொன்னாள்:

"நீ அதை வெளிய விட்டா, நான் அப்படி ஒண்ணும் சொல்லலைன்னுதான் சொல்வேன். உன் இஷ்டத்துக்கு எழுதிட்டு என் பேரைப் போட்டிருக்கன்னு ஆகும். வேலை போறது உனக்கு. புரியுதா?"

"புரியுது."

"குளிருது. உள்ள போ."

அவன் உள்ளே போய்க் கோட்டைக் கழற்றாமலே மாடி ஏறினான். துலிக்கியின் அறைக்கு முன்னால் நின்றான். நேரே நடந்தான். கழிப்பறைக்குள் போய்க் கை கழுவினான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வியாழக்கிழமை தாண்டிவிடும், பள்ளியை மூடிவிடுவார்கள். கோர்ட் எப்போதோ ஏதோ சொல்லும், அதற்குள் எல்லாருக்கும் மறந்திருக்கும். தனக்கும் மறக்குமா என்று பார்த்தான். கை ஈரத்தைத் துடைத்தான். மறுபடி கழுவினான்.

துலிக்கியின் அறையில் அவன் உட்காரவில்லை.

"கோப்புல சேர்த்துடு."

"உக்காரு. ஒரு வாய் காபி குடி. யோசிச்சு—"

"யோசிச்சா மாத்திடுவேன். பிரிண்ட் எடு."

அவள் அவனைப் பார்த்துக்கொண்டே விசையைத் தட்டினாள். மூலையில் பிரிண்டர் உறுமிக்கொண்டு தாளை ஒவ்வொன்றாகத் துப்பத் தொடங்கியது. அவன் அதைப் பார்க்க விரும்பாமல் வெளியே வந்தான்.

தன் அறையில் மேசையை ஒழித்துவைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கீழே இறங்கினான். வரவேற்புக் கூடத்தில் நீளமான மர இருக்கை. அதன் ஓரத்தில் பனிச்சட்டையைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒரு பெண். மடியில் அந்தத் தாள்கள். துலிக்கி லிஃப்டில் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அவனுக்கு அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. யார் என்று கேட்கவும் முடியாது.

அவன் கதவுவரை போய்விட்டான்.

"நீங்க இங்கதான் வேலை பாக்கறீங்களா?" என்றாள்.

"ஆமா."

"அல்வார் ரென்பெக்னு இதுல ஒருத்தர் பேரு இருக்கு. யாருங்க அவரு? மேலதான் இருப்பாரா?"

அவள் கேட்கலாம். எந்தத் தடையும் இல்லை. கண்ணாடிக் கதவு அவன் கையில் பாதி திறந்து நின்றது. குளிர் காலடியில் புகுந்தது.

"நான்தான்," என்றான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். பக்கத்திலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

"கதவைச் சாத்திட்டு வாங்க," என்றாள். "பஸ்ஸைக் கடைசி இணைப்புல போடச் சொல்லியிருக்கீங்க. என் பொண்ணுக்கு ஆறு வயசு. அதை வாய்விட்டுப் படிங்க, கேக்கறேன்."

அவன் கதவைச் சாத்தினான். தாளை வாங்கிக்கொண்டான். முதல் வரியிலேயே நின்றுவிட்டான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.